பச்சரிசி தின்பீர்களா என்று கேட்ட மருத்துவர்

மூன்று வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது: பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வந்து ஆளை அடித்துப்போடும் பெரும்பயமும் படபடப்பும். நேற்று என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவள், "அக்கா, ஈசிஜி நார்மலாம், எல்லாம் மனசுதானாம், நான் நடிக்கிறேன்னு வீட்ல நினைக்கிறாங்க" என்றாள். அதற்கப்புறம் தள்ளிப்போட மனசு வரவில்லை.

எனக்கு முதல் தடவை வந்தது பஸ்ஸில். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் போகிற டவுன் பஸ், காலை எட்டே முக்கால், காவேரிப் பாலத்தில் வண்டி நகரவே இல்லை. ஜன்னல் பக்கம் இடம் கிடைத்து உட்கார்ந்துதான் இருந்தேன், யாரோடும் சண்டை இல்லை, கவலைப்படும்படி அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, காதுக்குள் கேட்கிற அளவுக்கு. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதி வழியில் நின்றுவிட்டது போல இருந்தது. உதடு மரத்தது, விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது, அப்புறம் இரண்டு கை விரல்களும் கூம்பி உள்பக்கமாக மடங்கிக்கொண்டன, பிரிக்கவே முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மா "வலிப்பு, வலிப்பு" என்று கத்த, யாரோ ஒரு சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் திணித்தார்கள். அந்த இரும்பின் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளையை ஸ்கூலில் இருந்து யார் கூட்டி வருவார்கள், இவ்வளவுதான் தலைக்குள் ஓடியது.

அது வலிப்பு இல்லை, பேனிக் அட்டாக் என்று பின்னால் தெரிந்தது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. அதனால்தான் மரத்துப்போவதும், விரல் மடங்குவதும், தலை கிறுகிறுப்பதும். ஆக்சிஜன் போதாமல் வருவது இல்லை அது. பார்ப்பவருக்கும் அனுபவிப்பவருக்கும் உயிர் போகிற மாதிரி இருக்கும், ஆனால் பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்க ஆரம்பித்துவிடும். இதை யாராவது அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அடுத்த ஏழு மாதம் எனக்கு அப்படிப் போயிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. ஈசிஜி நார்மல், பிபி நார்மல். "கேஸ்தான்மா, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாலு நாளில் மறுபடியும். இந்த முறை வேறு ஆஸ்பத்திரி, அதே ஈசிஜி, அதே பதில். மூன்றாவது தடவை டியூட்டி டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே என் வீட்டுக்காரரிடம் "வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள், தர்காவில் மந்திரித்த கயிறு கட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளாவது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஏழு மாதத்தில் என் உலகம் சுருங்கியது. முதலில் பஸ்ஸை விட்டேன். அப்புறம் பாலத்தை விட்டேன், ஆட்டோவில் கூடப் போக முடியவில்லை. அப்புறம் கூட்டமான கடை, கல்யாண மண்டபம், கதவு மூடிய மீட்டிங் அறை. வந்துவிடுமோ என்ற பயமே வரவழைத்தது. எதிர்வீட்டு அக்கா அன்போடுதான் கொடுத்தார், தனக்குத் தூக்கத்துக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையில் பாதி. பதினைந்து நிமிடம் போலத்தான், பஞ்சு மாதிரி ஆகிவிட்டது மனசு. அதனால்தான் அது ஆபத்து. தொடர்ந்து போட்டால் பழகிவிடும், திடீரென்று நிறுத்தினால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், வலிப்பு கூட வரலாம். டாக்டர் குறைந்த நாளுக்கு எழுதிக்கொடுத்தால் அது வேறு. பக்கத்து வீட்டு ஸ்ட்ரிப்பில் இருந்து தயவுசெய்து வாங்கிப் போடாதீர்கள்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். விருப்பப்பட்டு இல்லை, வேறு கதவு இல்லாமல்.

அந்த டாக்டரம்மா முதலில் முழுக்கதையையும் கேட்டார். அப்புறம் எழுந்து வந்து என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். "மாடி ஏறினால் மூச்சு வாங்குதா? பீரியட்ஸ் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்?" எட்டு நாள், முதல் மூன்று நாளும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்றேன், பிள்ளை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்றேன். அடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "பச்சரிசி தின்பீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. அரிசி புடைக்கும்போது ஒரு பிடி, ஆபீஸ் பைக்குள் சின்ன டப்பாவில் ஒரு பிடி. கெட்ட பழக்கம் என்று வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தேன். அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரியும். சிலர் ஐஸ் கட்டியைக் கடிப்பார்கள், சிலர் விபூதி, சிலர் சிலேட்டுக் குச்சி. நம் வீடுகளில் எத்தனை பெண்கள் இப்படித் தின்றுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார்: ரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு, பி12, சர்க்கரை. ஹீமோகுளோபின் 7.4. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஃபெரிட்டின் 5, அதாவது உடம்பில் இரும்பின் கையிருப்பு காலி. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு, பீரியட்ஸில் ரத்தம் அதிகம் போக வைக்கக்கூடிய கட்டி. மூன்று ஆஸ்பத்திரியில் உடம்பைப் பார்க்கிற டாக்டர்கள் "மனசு" என்றார்கள், மனசைப் பார்க்கிற டாக்டர்தான் என் உடம்பைப் பார்த்தார். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இப்படி ஒரு நாட்டில் படபடப்பு, மூச்சுத்திணறல் என்று ஒரு பெண் வந்தால் டென்ஷன் என்று சொல்வதற்கு முன்னால் கண்ணிமையை இழுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ரத்தசோகைதான் என் பேனிக் அட்டாக்குக்குக் காரணம், அது சரியானால் இதுவும் போய்விடும் என்று நானும் நம்பினேன். ஆறுதலாக இருந்தது, "பாத்தீங்களா, எனக்குப் பைத்தியம் இல்லை" என்று வீட்டில் ரிப்போர்ட்டை நீட்டினேன். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போட்டேன், அதற்கு முன்னும் பின்னும் காபியைத் தள்ளிவைத்தேன் (காபி, டீ இரண்டும் இரும்பை உடம்பில் சேரவிடாது), கட்டிக்கும் வைத்தியம் நடந்தது. நாலு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.6. மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, பச்சரிசி ஆசை எங்கே போனதென்றே தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பாலத்துக்குப் பக்கத்தில் போனதுமே, அதே மாதிரி, அதே வேகத்தில் வந்தது.

அந்த டாக்டர் ஆச்சரியப்படவில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் கொடுத்த விளக்கத்தைத்தான் எளிமையாகச் சொன்னார்: உடம்பில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது, மனசு அதை மாரடைப்பு என்று வாசிக்கிறது, அந்தப் பயத்தில் உடம்பு இன்னும் துடிக்கிறது, அது மனசுக்கு இன்னும் பெரிய சாட்சியாகிறது. ரத்தம் குறைந்ததால் என் இதயம் வேகமாக அடித்தது உண்மை. அந்த அடியை மனசு தப்பாக வாசிக்கப் பழகிக்கொண்டதும் உண்மை. முதலாவதற்கு மாத்திரை, இரண்டாவதற்குப் பயிற்சி.

டாக்டர் அனுப்பிவைத்த உளவியலாளரின் அறையில் நடந்த அந்தப் பயிற்சி எனக்கு முதலில் கொடுமையாகத்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சு விடச் சொன்னார். விரல் மரத்தது, தலை சுற்றியது. "பாருங்க, இதை நீங்களே வரவழைச்சீங்க, இப்ப தானாப் போகுது." அடுத்த வாரம் படிக்கட்டில் ஓடி இறங்கி ஏறி, துடிக்கிற நெஞ்சோடு சும்மா உட்காரச் சொன்னார். நாடி பிடித்துப் பார்க்கக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, வீட்டுக்காரருக்கு போன் போடக்கூடாது. அப்புறம் பாலம். முதல் நாள் பாலத்தின் முனை வரை, பிறகு பாதி வரை, கடைசியில் பஸ். வந்தால் இறங்கி ஓடாமல், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி உட்கார்ந்திருப்பது. இதற்கு மூன்று மாதம் ஆனது. சிலருக்கு இதோடு பதற்றத்துக்கான தினசரி மாத்திரையும் தேவைப்படும், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் வாரத்தில் பதற்றம் கொஞ்சம் கூடலாம், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ரத்தசோகையாக இருக்கும் என்று சொல்லவில்லை. எடை குறைகிறது, கை நடுங்குகிறது, வெயில் தாங்கவில்லை என்றால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் போட்ட மாதிரி இதயம் திடீரென்று 160, 180 என்று ஓடி, சுவிட்ச் அணைத்த மாதிரி நின்றால் அது இதயத்தின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். 1997இல் அமெரிக்காவில் இப்படி ஒரு கோளாறு உறுதியான 107 பேரைப் பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்கினரின் அறிகுறிகள் பேனிக் நோய்க்கான வரையறைக்கு அப்படியே பொருந்தின. அது ஓடி முடிந்த பிறகு ஈசிஜி எடுத்தால் நார்மல் என்றுதான் பெரும்பாலும் வரும், அதனால் 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவி) தேவையா என்று கேளுங்கள். மயங்கி விழுந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலி வந்தாலோ, வலி கை, தாடைக்குப் பரவினாலோ பேனிக் என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்துமா பஃப், ஒரு நாளைக்கு ஆறு காபி, இவை கூடப் படபடப்பைத் தூண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எங்கள் சொந்தத்தில் ஒருவர் பத்து வருடமாக எக்கோ, டிரெட்மில், ஸ்கேன் என்று ஃபைல் சேர்த்துக்கொண்டிருக்கிறார், எல்லாம் நார்மல், மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அவர் வலியும் பொய் இல்லை. ஒரு தடவை முறையாகப் பார்த்தாகிவிட்டது என்றால் அடுத்த கதவைத் தட்ட வேண்டியதுதான். வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416, டெலிமானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

நேற்று அந்தப் பெண்ணிடம் பீரியட்ஸ் எப்படி என்று கேட்டேன். இதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை என்றாள். சனிக்கிழமை நான் கூடப் போகிறேன்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. போன மாதம் அரிசி டப்பாவில் மூடி சரியாக மூடாமல் இருப்பதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேபுக்குக் கூட்டிப்போனேன். 9.8. மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம், எலுமிச்சைச் சாறு புளிக்கிறது என்று தினமும் முகத்தைச் சுளிக்கிறாள்.