பால் போத்தலும் சோத்துக் கோப்பையும்

பிள்ளைக்குத் தினமும் பால் கட்டாயம் என்று ஒரு கட்டுரையில் வாசித்தேன். சரி, எவ்வளவு என்று சொல்லவில்லையே? ஒரு வயது முடியும்வரை பசும்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்கக் கூடாது, தாய்ப்பால்தான். அதற்குப் பிறகும் நாளுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் குடித்தால் வயிறு நிரம்பி, சோற்றைத் தள்ளிவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அப்படியே போனால் இரத்தசோகைதான்.

இங்கே திருகோணமலையில் பால்மா விலை ஏறினால் தாய்மார் பதறுகிறார்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குக் கிண்ணியாத் தயிர் கொடுக்கலாம், நெத்தலியை முள்ளோடு நன்றாக மசித்துக் கொடுக்கலாம். இரண்டிலும் கல்சியம் இருக்கிறது. (பால்மா விளம்பரத்தில் நெத்தலி வராதுதானே!) அப்புறம், சின்னப் பிள்ளைக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்துங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும்.