ஜன்னலை எண்ணினார்கள், ஜன்னலுக்கு வரி போடவில்லை

"1798இல் அமெரிக்காவில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் வரி கட்டினார்கள், பென்சில்வேனியா கிராமங்களின் வரிப் பதிவேடுகளே சாட்சி" என்று ஒரு தகவல் பரவிவருகிறது. இது தவறு.

பதிவேடுகளில் ஜன்னல் கணக்கு இருப்பது உண்மைதான். வீட்டின் நீள அகலம், மாடிகள், சுவர் மரமா கல்லா, ஜன்னல்கள் எத்தனை, அவற்றில் கண்ணாடிகள் எத்தனை என்று டவுன்ஷிப் (மாவட்டத்தின் உட்பிரிவு) வாரியாகக் குறித்துவைத்தார்கள். அத்தனையும் வீட்டை மதிப்பிடுவதற்காக. வரி அந்த மதிப்பின் மீதுதான்: 100 டாலருக்கு மேல் 500 டாலர் வரை 0.2 சதவீதம், மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறியது. பதிவேட்டில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, 1798 வரிச் சட்டத்தைப் புரட்டாமல் விட்டதால் வந்த வினை இது.

ஜன்னல் எண்ணிக்கைப்படி வசூலித்த நாடு இங்கிலாந்து, 1696 முதல். அதே கொடுமை அமெரிக்காவுக்கும் வருகிறதென்று பென்சில்வேனியாவின் பக்ஸ் மாவட்டத்து ஜெர்மானிய விவசாயிகள் அஞ்சினார்கள். அவர்களை அறியாமைக்காரர்கள் என்று ஏளனம் செய்வது நியாயமல்ல; வீட்டு வாசலில் நின்று ஒருவர் ஜன்னல்களை எண்ணினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எண்ண வந்தவர்கள் மீது பெண்கள் வெந்நீர் ஊற்றினார்கள். 1799இல் ஜான் ஃப்ரைஸ் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. மரண தண்டனை விதிக்கப்பட்ட அவரை, 1800இல் அதிபர் ஜான் ஆடம்ஸ் மன்னித்தார்.