சாயத்தொட்டியில் விழுந்த நரியும் பக்கத்து வீட்டு வான்கோழியும்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் நாலைந்து வான்கோழிகள் வளர்க்கிறார். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவற்றில் சேவல் ஒன்று வாலிறகுகளை விசிறியாக விரித்து, சிறகு நுனிகள் மண்ணில் கோடு கிழிக்கும்படி தாழ்த்தி, தலையும் கழுத்தும் சிவப்பும் நீலமுமாக நிறம் மாற, பெட்டைகளைச் சுற்றி வரும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மயில் ஒன்றும் இல்லை. அது யாரையும் பார்த்துப் பழகிய ஆட்டம் அல்ல; அந்தப் பறவைக்குப் பிறவியிலேயே வாய்த்த ஆட்டம். 'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்ற மூதுரைப் பாட்டை இருபத்திரண்டு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவந்த எனக்கு, இதை நின்று பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அந்தப் பாட்டை நம் ஊர்களில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கூலிவேலை செய்பவர் மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சொன்னால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மயிலையும் வான்கோழியையும் இழுத்துவந்து அவள் வாயை அடைப்பார். ஆனால் அவர் பாட்டின் கடைசி அடியைச் சொல்வதே இல்லை. 'கல்லாதான் கற்ற கவி' என்றுதான் ஔவை முடிக்கிறார். முறையாகக் கற்காதவன் கற்றவனைப் போலக் கவி சொல்வதைத்தான் அவர் பழிக்கிறாரே தவிர, இன்ன வீட்டில் பிறந்தவர் இன்னது படிக்கக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. 'இருப்பதை ஏற்றுக்கொள், அதுவே நிம்மதி' என்று இப்போது பலரும் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், இதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2008இல்; மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது 2020இல். பின்தங்கிய மாவட்டம் என்றே பெயரெடுத்த நம் பக்கத்துப் பிள்ளைகள், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தப் படிகளில் கால் வைத்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவையும் நம்பி, வகுப்பில் ஓயாமல் பேசியும் வந்த நான், என் மகன் விஷயத்தில் செய்தது வேறு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து முதல் முறை எழுதிய நீட் தேர்வில் மதிப்பெண் போதவில்லை என்றதும், வெளி மாவட்டத்தில் விடுதியோடு கூடிய ஒரு பயிற்சி மையத்தில் அவனை ஓராண்டு சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் ஆமையும் முயலும் கதையைச் சொல்லி ஊக்கப்படுத்தினேன். அந்த ஆமை பந்தயத்துக்குத் தானாகப் போனது. என் மகனைக் கேட்காமலே கோட்டில் நிறுத்தியது நான்.

அவன் திரும்பி வந்த பிறகு என் மனத்தில் புரண்டுகொண்டிருப்பது பஞ்சதந்திரத்து நீல நரியின் கதை. சாயத்தொட்டியில் விழுந்து நீலமான நரி, தன்னைக் கடவுளே அனுப்பிய அரசன் என்று சொல்லிக் காட்டை ஆண்டது என்பதும், பிற நரிகளின் குரல் கேட்டுத் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொண்டது என்பதும் எல்லோரும் அறிந்ததே. குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் விட்டுவிடும் செய்திகள் சில வடமொழிக் கதையில் உண்டு. அந்த நரியின் பெயர் சண்டரவன். கடுமையான குரலுடையவன் என்று பொருள். அரசனானதும் அது ககுத்துருமன் என்று வேறு பெயர் வைத்துக்கொள்கிறது; அதோடு நில்லாமல், தன் இனத்து நரிகள் அத்தனையையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. பிறகு ஒருநாள் தொலைவில் அவை ஊளையிடுவது காதில் விழ, அதன் உடல் சிலிர்க்கிறது, கண்களில் ஆனந்தக் கண்ணீர் நிறைகிறது, எழுந்து நின்று தன் சொந்தக் குரலில் ஊளையிடுகிறது. சிங்கமும் புலியும் அதைக் கொன்றுவிடுகின்றன. வேடம் கலைந்தது என்பதைத்தான் நான் இதுவரை நீதியாக நடத்தினேன். அந்தக் கண்ணீரைப் பற்றி ஒரு வகுப்பிலும் நான் பேசியதில்லை.

விடுதியில் சேர்ந்த முதல் நாள், வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்று யாரோ கேட்டதற்கு 'கேவுரு களி' என்று சொல்லியிருக்கிறான். கேழ்வரகை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த அறையே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டான். பிறகு நம் ஊர்ப் பேச்சையும் விட்டான். கடைசியில் பேசுவதையே குறைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் புத்தகத் தமிழில் அளந்து அளந்து பதில் சொன்னபோது, பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். தமிழ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அந்த மாற்றம் காதில் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. உயரப் போவதற்கு விலையாக உன் வீட்டையும் குரலையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு என்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொட்டிக்குப் பணம் கட்டியவன் நான்.

இரண்டாவது முறையும் மதிப்பெண் போதவில்லை. பெட்டியோடு வந்து இறங்கியபோது, தோப்பில் பெங்களூரா மாங்காய் பறித்து மாங்கூழ் ஆலைக்கு லாரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் 'அடுத்து என்ன?' என்ற ஒரே கேள்வியைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வாரம் அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

நேற்று மாலை என் அம்மா அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தார். துடுப்பு பானையில் இடிக்கும் சத்தம் கேட்டு அவன் எழுந்து வந்து வாசற்படியில் நின்று, 'ஆயா, கேவுரு களியா?' என்று வீடு முழுக்கக் கேட்கும்படி கேட்டான். அவர் உருண்டை பிடித்துத் தட்டில் வைத்துக் குழி பறித்துக் குழம்பு ஊற்றினார். பயிற்சிப் புத்தகங்கள் கட்டிய மூட்டை இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதை இறக்கலாமா வேண்டாமா என்று நான் இன்னும் அவனைக் கேட்கவில்லை.