சலவைக்குப் போன பரிந்துரைச் சீட்டு

என் சித்தப்பாவுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாதம் தவறாமல் ஒரே மருத்துவரிடம்தான் போவார். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கோப்பில் தாள் உண்டு. தினமும் இரவில் குடிப்பார் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் மறைத்தார் என்று சொல்லமாட்டேன். யாரும் கேட்டதில்லை.

குடலிறக்க அறுவைசிகிச்சைக்காகச் சேர்த்த மூன்றாம் நாள் இரவு கை நடுங்கத் தொடங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, "கீழே போட்டுவிடாதே" என்றார். நானும் கையை மூடிக்கொண்டேன். மயக்க மருந்தின் விளைவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நாள்தோறும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வருகிற சன்னி அது. கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோய்விடும். பதினோரு ஆண்டில் ஒருமுறை கேட்டுக் குறித்து வைத்திருந்தால், அறுவைக்கு முன்பே அதற்கு மருந்து தொடங்கியிருப்பார்கள்.

வீடு திரும்பும்போது போதை மீட்பு மையத்துக்கு ஒரு பரிந்துரைச் சீட்டு கொடுத்தார்கள். அது சட்டைப் பையோடு சலவைக்குப் போய்க் கூழாகத் திரும்பியது. எனக்குக் கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். அந்த மையத்தின் வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. உள்ளே நுழைகிறவர் யார் என்று தெருவுக்கே தெரியும். சர்க்கரைக்குக் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த பெஞ்சுக்கே சிகிச்சை வரவேண்டும் என்பதுதான் என் கட்சி.

மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பார்கள். குடிப்பழக்கத்தை அறிய உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' கேள்வித்தாளில் மொத்தமே 10 கேள்விகள்; அதன் சுருக்க வடிவில் 3. எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு, ஒரே அமர்வில் அளவு மீறுவது எத்தனை முறை? ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றி அவிழ்ப்பதற்குள் கேட்டுவிடலாம். மருந்தும் இருக்கிறது. குடி வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டையும் 2023-இல் அதே நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. முன்பே வலிப்போ சன்னியோ வந்தவர்களை உள்நோயாளியாகச் சேர்த்துத்தான் குடியை நிறுத்தவைக்க வேண்டும்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அபினி வகைப் போதையில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். பிரான்ஸில் 1990-களின் நடுவில், அந்த வேட்கையைத் தணிக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரையைச் சாதாரணப் பொது மருத்துவர்களே எழுதலாம் என்று அனுமதித்தார்கள். 1995-க்கும் 1999-க்கும் இடையில் அளவுமீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர்களும் இருந்தார்கள், மறைப்பதற்கில்லை. அமெரிக்காவிலோ அபினி வகை வலி மாத்திரையை எழுத வழக்கமான உரிமமே போதும். அதற்கு அடிமையானவரை மீட்கும் இந்த மாத்திரையை எழுதத் தனி அனுமதி வேண்டியிருந்தது. பூட்டை ஒருவரிடமும் சாவியை வேறொருவரிடமும் கொடுத்த கதை. 2022 டிசம்பரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள்.

"எப்படியும் திரும்பக் குடிப்பார், எதற்கு வீண் வேலை?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரை ஒன்று, சிகிச்சைக்குப் பிறகு போதைக்குத் திரும்புகிறவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்கிறது. ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் மீண்டும் தலைதூக்குவது 50 முதல் 70 சதவீதமாம். ரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று யாரையும் நாம் வாசலோடு அனுப்புவதில்லையே.

சித்தப்பாவின் பழைய மருத்துவரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இது என் துறை இல்லையே" என்று தயங்கியவர், ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டு நால்ட்ரெக்சோன் எழுதினார். இடையில் சித்தப்பா இரண்டு முறை வழுக்கினார். போன மாதக் கோப்பைப் புரட்டினேன். 'சர்க்கரை 168. குடித்தது 2 நாள். மருந்து தொடரவும்' என்று ஒரே பேனாவில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார்.