பூம்புகாருக்குப் பத்தே நிமிடமா?

வயிறு எரிகிறது. நவக்கிரக டூர் வேன்கள் திருவெண்காட்டில் புதனைக் கும்பிட்ட கையோடு கீழப்பெரும்பள்ளத்துக் கேதுவைப் பார்க்கப் பறக்கின்றன. இடையில் பூம்புகார். "பத்தே நிமிஷம், கடலைப் பாத்துட்டு ஓடியாந்துருங்க" என்கிறார் டிரைவர். எங்கள் சொந்தக்காரர்களோடு போன வேனிலும் இதே கதைதான்.

கடலில் கால் நனைக்க நேரம் இருந்தது. மீன் வறுவலுக்கு நேரம் இருந்தது. செல்ஃபிக்குச் சொல்லவே வேண்டாம். 1997-ல் தொடங்கிய கடலடி அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகத்துக்குள் நுழைய மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. "உள்ள என்ன தம்பி இருக்கப்போவுது, ஓட்டாஞ்சல்லிதானே" என்றார் சித்தப்பா.

ஓட்டாஞ்சல்லிதான் சித்தப்பா! பூம்புகார் மண்ணில் கிடைத்த, ரௌலட் என்ற வகை மண்தட்டின் துண்டை ஒருதரம் குனிந்து பாருங்கள். மெல்லிசான வழவழப்பான தட்டு, உட்புறத்தில் வட்டம் வட்டமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். அதே வகைத் தட்டு புதுச்சேரிப் பக்கம் இருந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கிறது. துறைமுகத்துக்குத் துறைமுகம் கப்பல் போன கதையை அந்தச் சல்லிதான் சொல்கிறது.

பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் 1960-களில் தோண்டியபோது படகுத்துறையின் செங்கல் கட்டுமானமும், படகுகளைக் கட்டி நிறுத்த நட்ட மரத்தூண்களும் வெளியே வந்தன. அந்த மரத்தைக் கரிம ஆய்வு செய்து, கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றார்கள். பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் பாதமும் கிடைத்தன. இதெல்லாம் வேன் போகும் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! அங்கே ஒரு பையன் பழைய செங்கல்லில் வண்டிச் சாவியால் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான். அவன் அப்பா தடுக்கவில்லை, போட்டோ எடுத்தார். நான் சத்தம் போட்டதும், "செங்கல்லுதானே சார், விடுங்க" என்கிறார். எப்படி விடுவது? ஈராயிரம் வருடம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, நம் கையில் சிக்கி அழிகிறது.

இதில் என்னால் தாங்கவே முடியாதது இன்னொன்று. "இருபதாயிரம் வருடத் தமிழர் நகரம்" என்று வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் அனுப்புவதும் இதே சித்தப்பாதான். மெய்யான ஆதாரம் கண்ணெதிரே கிடக்கிறது, அதற்கு நேரமில்லை. பொய்க் கணக்கைப் பரப்ப மட்டும் நேரம் இருக்கிறதா?

டூர் நடத்துகிறவர்களே, பூம்புகாருக்கு ஒரு மணி நேரமாவது போடுங்கள். கடற்கரைக்குப் போகுமுன் அகழ்வைப்பக வாசலில் இறக்கிவிடுங்கள். கூட வரும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது, தயவுசெய்து வெளியே நின்று ஹாரன் அடிக்காதீர்கள்.