உலக முடிவிலே ஒரு வெள்ளை மதில்

(இலங்கை மலைநாடு, ஹோர்டன் சமவெளிக்குக் கிட்ட, பட்டிப்பொலப் பக்கம் ஒரு விடுதி அறை. தை மாசம், இரவு. அந்தச் சமவெளியின் விளிம்பிலே ‘உலக முடிவு’ என்கிற செங்குத்துப் பாறையைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு மனுசனும் மனுசியும். மனுசன் இரண்டு ஸ்வெற்றருக்கு மேலே சாரத்தையும் போர்த்திக்கொண்டு கட்டிலில் மூட்டையாகக் கிடக்கிறார்.)

மனுசி: இஞ்சாருங்கோ, விடிய நாலரைக்கு எழும்ப வேண்டும். அலாரம் வைத்துவிட்டேன்.

மனுசன்: நாலரைக்கோ? உலக முடிவு எங்கேயப்பா ஓடப்போகிறது? ஹோர்டன் என்ற ஆளுநர் இலங்கையை ஆண்டது 1830களிலே, அவருடைய பெயரை வைத்த அந்தச் சமவெளி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போவோம்.

மனுசி: இடம் கிடக்கும், ஒன்பது பத்து மணிக்கு முகில் வந்து மூடினால் எதைப் பார்க்கிறது? ஆறு மணிக்கு வாசல் திறந்த உடனே உள்ளே போனால்தான் சரி. சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்கு மேலே நடை.

மனுசன்: சந்திக் கடையிலே பாண் வாங்கவே மோட்டார் சைக்கிளிலே போகிறவன் நான். இதையெல்லாம் நீர் கலியாணத்துக்கு முதலே சொல்லியிருக்க வேண்டும்.

மனுசி: படுங்கோ.

மனுசன்: எப்படிப் படுக்கிறது, மூக்கு விறைத்துப்போய்க் கிடக்கிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் இந்த மலையிலிருந்துதான் தண்ணீர் போகிறதென்று வான்காரத் தம்பி வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். முழுவதையும் நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் போல, எங்கள் குழாயிலே ஒரு சொட்டு இல்லை.

மனுசி: வந்தால் மட்டும் குளிக்கப் போகிறீர்களோ?

மனுசன்: இல்லை. காசு கொடுத்தோமே, வரவேண்டும்தானே.

(அடுத்த நாள் காலை பத்தரை. உலக முடிவு. எதிரே ஒன்றும் இல்லை, வெறும் முகில்.)

மனுசி: பாருங்கோ, நன்றாகப் பாருங்கோ. கீழே 800 மீற்றருக்கு மேலே செங்குத்துப் பள்ளம். முகில் இல்லாவிட்டால் தெற்கே கடல் வரைக்கும் தெரியுமாம்.

மனுசன்: நல்ல வடிவு. எங்கள் வீட்டு மதிலுக்கு வெள்ளை அடித்த மாதிரி. 2010இலே யுனெஸ்கோ இந்த மலைநாட்டுக்கு உலக மரபுரிமை கொடுத்தது இதற்காகத்தான் என்றால், அந்த மதிலுக்கும் நாங்கள் ஒரு விண்ணப்பம் போடலாம்.

மனுசி: எட்டு மணிக்கு நின்றிருக்க வேண்டிய இடம். ஆராலே பிந்தினது?

மனுசன்: என்னாலேயோ? றோல்ஸ் ஒரு சொப்பிங் பையிலே, பணிஸ் இன்னொன்றிலே, சீனிச்சம்பல் பைக்குள்ளே பை, அதற்குள்ளே ஒரு பை! வாசலிலே அந்தக் காவலர் முடிச்சு முடிச்சாக அவிழ்த்தே களைத்துப்போனார், பாவம். தண்ணீர்ப் போத்தலிலே ஒட்டியிருந்த லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் தந்தார்.

மனுசி: மரைகள் பொலித்தீனைத் தின்றுவிடும், அதற்குத்தான் அவர்கள் பறிக்கிறது. நான் கடதாசிப் பையும் கொண்டுதானே வந்தேன்! சம்பல் எண்ணெய் ஊறிவிடும், எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிட்டுப் போவோம் என்று குந்தினது ஆர்?

(பிறகு ஏன் முதலிலேயே கடதாசியில் கட்டவில்லை என்பதற்கு மனுசி பதில் சொல்லவில்லை, கவனிக்கவும்.)

மனுசன்: அதையாவது நிம்மதியாகச் சாப்பிட விட்டார்களோ? கொம்பும் பிடரியுமாக ஒரு ஆண் மரை, மயிரெல்லாம் பனித்துளி, மூக்காலே புகை விட்டுக்கொண்டு வந்து என்னுடைய பணிசை மணந்து பார்க்கிறது. சாப்பாடு கொடுக்கக் கூடாதென்று பலகையிலே எழுதிப் போட்டிருக்கிறார்கள், அது போகும் மட்டும் நான் மெல்லாமல் கொள்ளாமல் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன், தெரியுமோ?

மனுசி: தெரியும். படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம் வழியிலே பத்தடிக்கு ஒருதரம் இருந்தீர்களே, அதுக்கும் மரையோ காரணம்?

மனுசன்: 2,100 மீற்றர் உயரமப்பா! பனைமரத்தை விட உயரமாக ஒன்றையும் காணாத ஊரிலிருந்து வந்தவனுக்கு மூச்சு வாங்காதோ?

(திடீரென்று முகில் கிழிகிறது. நிற்கிற பாறையின் விளிம்பு முதலில் தெரிகிறது. மனுசன் இரண்டடி பின்னாலே போகிறார்.)

மனுசி: ஐயோ, அங்கே பாருங்கோ! தேயிலைத் தோட்டம், லயன் வீடுகள், நூல் மாதிரி றோட்டு...

மனுசன்: என்னப்பா இது, அங்கே வெயில் எறிக்கிறது!

மனுசி: ஓம், என்ன வடிவு!

மனுசன்: வடிவு கிடக்கட்டும். சூடாக இருக்குமே, அங்கே றூம் எடுத்திருக்கலாமே!

மனுசி: அங்கே இருந்துகொண்டு இந்தக் காட்சியை எப்படிப் பார்க்கிறது?

மனுசன்: ஏன் பார்ப்பான்? காட்சிக்குள்ளேயே சாய்மனைக் கதிரையைப் போட்டுப் படுத்திருக்கலாம்.

மனுசி: மூடப்போகிறது, படம் எடுங்கோ! எடுத்தீர்களோ?

மனுசன்: எடுத்தேன். உம்முடைய தொப்பி முழுசாக வந்திருக்கிறது.

மனுசி: சரி, நடவுங்கோ. அடுத்தது பேக்கர் நீர்வீழ்ச்சி, அதற்குப் படி இறங்க வேண்டும்.

மனுசன்: இறங்கினால் திரும்ப ஏற வேண்டுமே?

மனுசி: ஓம்.

மனுசன்: அப்ப நீர் போய்ப் பாரும். நான் மேலே இருந்து சத்தத்தைக் கேட்கிறேன்.