அழுவதற்கு வெட்கப்படாத ஓர் ஆல்பம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான நியூட்ரல் மில்க் ஹோட்டலின் 'இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ' ஆல்பத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், அது இசையில் தொடங்கி, சிறிது நேரத்திலேயே அக்குழுவின் பாடகர் ஜெஃப் மாங்கமின் மௌனத்தில் போய் நின்றுவிடுகிறது. 1998 பிப்ரவரியில் ஆல்பம் வெளிவந்தது, அந்த ஆண்டு முழுவதும் குழு ஊர் ஊராகச் சென்று வாசித்தது, அதன்பின் மாங்கம் மேடையையும் பேட்டிகளையும் விட்டு ஒதுங்கிக்கொண்டார், அடுத்த ஆல்பம் வரவேயில்லை. இந்தக் கதை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, கதை உண்மையும்கூட. ஆனால் ஆல்பம் நிலைத்து நிற்பதற்கு அந்த மௌனமே காரணம் என்று சொல்லப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒதுங்கிப்போன பாடகர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோரின் பாடல்களை இன்று தேடிக் கேட்பார் இல்லை. மேலும் 2013இல் அவர் பழைய குழுவோடு மேடைக்குத் திரும்பி 2015 வரை பாடினார். மர்மம் கலைந்தது, ஆல்பத்தின் மீதான பற்று கலையவில்லை. காரணத்தை அந்த நாற்பது நிமிட இசைக்குள்ளேதான் தேட வேண்டும்.

முதல்முறை கேட்டபோது நான் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இசை பிடிக்காமல் இல்லை. அந்தக் குரல் எனக்குக் கூச்சத்தைத் தந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று குரலெடுத்து அழத் தொடங்கினால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோமே, அந்தச் சங்கடம். சில வாரங்கள் கழித்து மறுபடி கேட்டேன். பிறகு எத்தனை முறை கேட்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. எனக்கு அன்று வந்த கூச்சத்தில்தான் இந்த ஆல்பத்தின் பலம் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் அமெரிக்க இண்டி ராக்கில், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத ராக் இசையில், பாடகர் தன் சொற்களிலிருந்து ஓரடி தள்ளி நின்று பாடுவது பெரிதும் மதிக்கப்பட்ட ஒரு பாணி. எதையும் முழுமனதோடு சொல்லிவிடக் கூடாது, சொன்னாலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத மரியாதை. அந்தச் சூழலில் இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாடல், இயேசு கிறிஸ்துவை நேசிக்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்துவதோடு தொடங்குகிறது. அதைக் கேலி என்று கொள்வதா நிஜம் என்று கொள்வதா எனக் கேட்பவர்கள் குழம்புவார்கள் என்று மாங்கமுக்கே தெரிந்திருந்தது. ஆல்பத்தோடு அச்சிட்ட தாளில், தான் பாடுவதை மனதாரப் பொருள்கொண்டே பாடுவதாகவும், எனினும் அது எந்த ஒரு மதத்தையும் சார்ந்ததல்ல என்றும் அவர் குறித்திருக்கிறார். அங்கேயே மற்றவர்களிடமிருந்து அவர் பிரிந்துவிடுகிறார்.

அவர் லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பள்ளிக் காலத்திலிருந்தே ராபர்ட் ஷ்னைடர், வில் கல்லன் ஹார்ட், பில் டாஸ் ஆகிய நண்பர்களோடு வீட்டிலேயே கேசட்டில் பாட்டுகளைப் பதிவுசெய்து, ஒருவருக்கொருவர் கொடுத்துக் கேட்டுப் பழகியவர். எலிஃபன்ட் சிக்ஸ் என்ற பெயரில் பின்னாளில் அறியப்பட்ட இசைக் கூட்டம் அப்படித்தான் உருவானது. நண்பனுக்காக மட்டும் பாடும்போது மனிதர்கள் வெட்கப்படுவதில்லை. 1997 கோடையில் டென்வர் நகரில் ஷ்னைடரின் ஸ்டுடியோவில் இந்த ஆல்பத்தைப் பதிவுசெய்தபோதும், மாங்கம் உலகத்துக்காகப் பாடவில்லை, அதே நண்பனுக்காகவே பாடினார் என்று எனக்குத் தோன்றும். (அந்த ஷ்னைடர் பிற்பாடு கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஒரு முழு எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்று ஆராயும் துறை அவருடையது. நம் ராமானுஜன் அழியாத் தடம் பதித்த துறை அது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.)

எட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் 'ஓ கம்லி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவைச் சரிபார்க்கக் கொஞ்சம் பாடச் சொன்னபோது, மாங்கம் தனியாகக் கிட்டாரோடு அமர்ந்து முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார். அதையே வைத்துக்கொண்டு, பித்தளை வாத்தியங்களைப் பின்னர் சேர்த்தார்கள். பாட்டின் முடிவில், கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வியப்பில் கத்துவது தொலைவில் கேட்கிறது. அதையும் அழிக்கவில்லை.

குரலுக்குச் சொன்னது வாத்தியங்களுக்கும் பொருந்தும். மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்துப் பிடித்து, அதன்மேல் வில்லை இழைத்து வாசிக்கிறார் குழுவின் ஜூலியன் காஸ்டர். சொல் இல்லாமல் ஒரு பெண் விம்முவதுபோல் அந்த ஓசை தலைப்புப் பாடல் நெடுகிலும் மிதக்கிறது. ஸ்காட் ஸ்பில்லேன் எழுதிய 'தி ஃபூல்' பாடகரே இல்லாத ஒரு சிறு சவ ஊர்வலம். ஜெரமி பார்ன்ஸின் டிரம்ஸ் சில இடங்களில் பாட்டைத் தாண்டி ஓடப் பார்க்கிறது. கிட்டாரின் ஒலி பல இடங்களில் கரகரவென்று உடைகிறது. சுத்தமாகப் பதிவுசெய்திருந்தால் இந்த ஆல்பம் பாதி உயிரை இழந்திருக்கும்.

இப்போது, ஹாலண்டில் நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்தபடி நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய நாட்குறிப்பை வளர்ந்த பிறகே முதன்முறையாகப் படித்த மாங்கம், படித்துவிட்டு நாள்கணக்கில் அழுததாகவும், காலத்தில் பின்னோக்கிச் சென்று அந்தப் பெண்ணைக் காப்பாற்றுவதாகக் கனவுகள் கண்டதாகவும் சொல்லியிருக்கிறார். 'ஹாலண்ட், 1945' என்ற பாடலின் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 1945இன் தொடக்கத்தில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் அந்தச் சிறுமி இறந்தார். மாங்கம் பிறந்தது 1970இல். தான் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்துபோன, எந்த உறவும் இல்லாத ஒரு பெண்ணுக்காக ஒரு மனிதர் இவ்வளவு துடிப்பதுதான் இந்த ஆல்பத்தின் மையம்.

இது சரியா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. படுகொலை செய்யப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிய துயரத்தில் உடலும் காமமும் கனவும் கலந்து வருகின்றன. சில வரிகளைக் கேட்கையில் எனக்கு இன்றும் மனம் நெருடுகிறது. வரலாற்றுப் பிழையும் உண்டு. தாயும் சகோதரியும் அவளோடு ஒன்றாகப் புதைக்கப்பட்டதாக ஒரு பாட்டில் வருகிறது; உண்மையில் தாய் ஈடித் இறந்தது அவுஷ்விட்ஸ் என்ற வேறொரு முகாமில், 1945 ஜனவரியில். சகோதரி மார்கோ மட்டுமே பெல்சனில் உடனிருந்து இறந்தார். இந்தக் குறைகளை நான் பூசி மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாங்கம் அவளை எதற்கும் சின்னமாக்கவில்லை, அவளை வைத்து நமக்குப் பாடம் நடத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். லட்சக்கணக்கில் எண்ணப்படும் சாவுகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அது நேற்று நடந்ததுபோல் பதறுகிறார். அந்தப் பதற்றத்தில் நிதானம் இல்லை என்று குறைசொல்லலாம். பொய் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியிட்ட மெர்ஜ் ரெக்கார்ட்ஸ், வட கரோலினாவில் இரண்டு இசைக்கலைஞர்கள் தொடங்கிய சிறு நிறுவனம். முதலில் போட்டது சில ஆயிரம் பிரதிகள்தான். ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, 2008இல், அமெரிக்காவில் அதிகம் விற்ற வைனில் இசைத்தட்டுகளில் இது ஆறாவது இடத்தில் இருந்தது. விளம்பரத்தால் வந்த விற்பனை அல்ல அது. ஒருவர் கேட்டுவிட்டு இன்னொருவர் கையில் கொடுத்ததால் வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. தலைப்புப் பாடலுக்கு ஜி, ஈ மைனர், சி, டி என்ற நான்கு கார்டுகள் (சுரக் கூட்டுகள்) போதும். கிட்டார் கற்கத் தொடங்கி ஒரு மாதமே ஆன பையன்கூட வாசித்துவிடலாம். வாசித்துப் பாடத் தொடங்கியதும், குரலை அடக்கிப் பாடினால் அந்தப் பாட்டு நிற்பதில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, புதிதாக வரும் ஒவ்வொரு வயதுக்காரரும் தங்கள் சொந்தக் குரலிலேயே இதைத் திரும்பக் கண்டடைவது இப்படித்தான்.

கேட்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாட்டுகளைத் தனித்தனியாகப் பொறுக்கிக் கேட்காதீர்கள். ஒன்று முடியும் முன்பே மற்றொன்று தொடங்கிவிடுகிறது, நான்காவது பாடலின் மெட்டு கடைசிப் பாடலின் இறுதியில் திரும்பி வருகிறது. அந்தக் கடைசிப் பாடலில் எல்லோரும் போய்விடுகிறார்கள். மாங்கமும் கிட்டாரும் மட்டும் மிஞ்சுகின்றன. பாடி முடித்ததும் கிட்டாரைக் கீழே வைக்கும் ஓசை கேட்கிறது. பிறகு அவர் எழுந்து நடந்து போகிறார்.